நல்லவன் என்று பெயரெடுத்த கிருமி

ஊரே விஷக்காரி என்று சொன்ன பெண், அந்த விஷத்தைச் சுரைக்குடுவையில் நிரப்பி, மூடி போட்டு, கையோடு எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

ஹாஜியா அஜுமி அப்போதுதான் காராமணி வடையைப் பிட்டு வாயில் போட்டிருந்தார். துத்சன் காவோ வட்டாரத்தில் எந்த வீட்டில் நோய் நுழைந்தாலும், அது எந்த வழியாக வந்தது என்று தேடிப் பிடிப்பது அவருடைய உத்தியோகம். உடம்பு பெருத்த பெண்மணி, நடை மெது, பேச்சு அதைவிட மெது. அவருக்கு வண்டி ஓட்டும் கம்போ எல்லாவற்றிலும் நேர்மாறு. முன்பு போலீஸில் இருந்தவன். அவன் போலீஸை விட்டு வந்துவிட்டானே தவிர, போலீஸ் அவனை விட்டுப் போகவில்லை. வயிற்றுப்போக்கு என்று யாராவது வந்தால்கூட, "யார் மேலே சந்தேகம்?" என்றுதான் முதலில் கேட்பான்.

வந்தவள் உட்காரவில்லை. தன் பெயர் அசாபே என்றாள். வெங்காய வியாபாரி சாபோவின் இரண்டாவது மனைவி. மூத்தவள் தேலுவின் மகள் காந்தே, ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்காரர் வெங்காய லாரியோடு லாகோஸ் போயிருக்கிறார், போன் எடுக்கவில்லை. குழந்தை கடைசியாகக் குடித்தது அசாபே காய்ச்சிக் கொடுத்த கூனு, அதாவது புளி ஊற்றிய கம்பங்கூழ். அதை விழுங்க முடியாமல் கக்கியபோது ஆரம்பித்தது பேச்சு.

"அதே மாவு, அதே புளி, அதே பானை" என்று குடுவையின் மூடியைத் திறந்தாள். "இதுல விஷம் இருக்குன்னு சொல்றாங்க. பாத்துக்குங்க."

கம்போ பாய்ந்து பிடுங்குவதற்குள் மடமடவென்று முழுவதையும் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டாள்.

கம்போவுக்கு முகம் வெளிறிவிட்டது. அஜுமி மட்டும் வடையை மென்று முடித்து, அவளை உட்காரச் சொன்னார்.

"என் பேரு கெட்டா கெடட்டும் ஹாஜியா. அதுக்கு நான் வரல. ஆஸ்பத்திரியில தொண்டை அடைப்பானுக்கு மருந்து ஒரே ஒரு புட்டி இருக்கு. அதைக் காந்தேவுக்குக் குடுக்க மாட்டேங்கறாங்க. அவ தொண்டையில இருக்கிற கிருமி சாதுவாம், விஷம் கக்காத கிருமியாம். கிருமி நல்லதுன்னா அப்ப கெட்டது யாரு? நான்தானே? புள்ள செத்துப் போயிடும் ஹாஜியா. சாயங்காலத்தைத் தாண்டாதுன்னு நர்ஸம்மா சொல்லுது."

இதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. அஜுமி எழுந்துவிட்டார். அவர் அவ்வளவு வேகமாக எழுந்து கம்போ பார்த்ததே இல்லை.

வண்டியில் போகும்போதே அவன் வழக்கை முடித்துவிட்டான். சக்களத்தி, புளிப்பு, எலிமருந்து. புளிப்பு எந்த விஷத்தின் ருசியையும் மறைத்துவிடும். குடித்துக் காட்டினாளே என்றால், முறிவு மருந்தை முன்பே விழுங்கியிருப்பாள். பின்னால் அசாபே உட்கார்ந்திருக்கிறாள் என்பதற்காக இதையெல்லாம் அவன் தணிந்த குரலில் சொன்னான். அவன் தணிந்த குரல் சந்தைவரை கேட்கும்.

ஆஸ்பத்திரி வார்டு வாசலிலேயே தேலு மறித்துக்கொண்டாள். மூன்று நாள் தூக்கமில்லாத கண்கள். ஹாஜியா உள்ளே போகலாம், அவள் மட்டும் வரக் கூடாது என்றாள்.

"இவ நிழல்கூட என் பொண்ணு மேல படக்கூடாது. ஒரு சேவலுக்காக என்கிட்ட சண்டை போட்டா. உன் வாய்க்கு உன் பொண்ணு பதில் சொல்லுவான்னு தெருவே கேக்கச் சொன்னா. கேளுங்க, சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்" என்றாள் அசாபே, தரையைப் பார்த்தபடி.

காந்தேவைப் பார்க்கவே பொறுக்கவில்லை. ஏழெட்டு வயதுப் பெண். கழுத்து இரண்டு பக்கமும் வீங்கி, தாடையும் தோளும் ஒன்றாகியிருந்தது. அஜுமி டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். தொண்டையில் சாம்பல் நிறத்தில் தோல் படர்ந்திருந்தது. குழந்தை மூச்சை இழுக்கும் ஒவ்வொரு முறையும் விலா எலும்பு உள்ளே போய் வந்தது.

பெரிய டாக்டர் மோதிபோ கட்டில் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவரைக் கல்நெஞ்சன் என்று சொன்னால் பாவம். அவர் கணக்கும் நியாயமானதுதான். கிருமியைக் கொல்லும் மருந்து ஊசி வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் கிருமி கக்கிய விஷத்தை முறிக்கும் மருந்து ஒரே புட்டி; அடுத்தது தலைநகரிலிருந்து எப்போது வரும் என்று தெரியாது. விஷக் கிருமி உள்ள இன்னொரு குழந்தை நாளைக்கே வரலாம். சோதனைச்சாலை கையெழுத்துப் போட்டுச் சாது என்று சொன்ன கிருமிக்கு அதைச் செலவழித்துவிட்டு, அந்தக் குழந்தையின் தாய்க்கு என்ன பதில் சொல்வது?

அஜுமி பரேபரி இனம், டாக்டர் மாடு மேய்க்கும் ஃபுலானி இனம். இந்த இரண்டு கூட்டத்தாரும் எங்கே சந்தித்தாலும் ஒருவரையொருவர் அடிமை என்று கேலி செய்தே தீர வேண்டும். அதற்கு யாரும் கோபித்துக்கொள்ளவும் கூடாது. அது தாத்தா காலத்து ஏற்பாடு. அன்று டாக்டரிடம் சிரிப்பு வரவில்லை. கடமைக்கு, "வந்துட்டியா என் அடிமையே?" என்று மட்டும் கேட்டார்.

"எஜமான் மாட்டைத் தொலைச்சுட்டா அடிமைதானே தேடணும்" என்றார் அஜுமி. "உங்க சோதனைச்சாலையைக் கொஞ்சம் பாத்துட்டு வரேன்."

கம்போவுக்கு இதில் உடன்பாடில்லை. குற்றம் நடந்த வீட்டை விட்டுவிட்டு யாராவது கண்ணாடிக் குப்பிகளைப் பார்க்கப் போவார்களா? அஜுமி அவனை அசாபேயின் அறையைச் சோதிக்க அனுப்பிவிட்டார். அவன் சந்தோஷமாகப் பறந்தான்.

சோதனைச்சாலையை நடத்தும் இனுவாவை ஊரே மாலம், அதாவது வாத்தியார், என்றுதான் கூப்பிடும்; சுத்தம் பார்க்கிற மனிதர். ஒவ்வொரு குப்பிக்கும் ஒரு துணி, ஒவ்வொரு துணிக்கும் ஒரு கொக்கி. அவர் போட்டிருந்த வெள்ளைக் கோட்டு மட்டும் வெள்ளையாக இல்லை. பழைய பல்லின் மஞ்சளாக இருந்தது. வண்ணான் சோப்பில் கலப்படம் செய்கிறான் என்று அவரே குறைப்பட்டுக்கொண்டார். பிறகு, ஹாஜியாவை வெறும் வாயோடு அனுப்புவதா என்று இஞ்சியும் கிராம்பும் போட்டுத் தேநீர் வைத்தார்.

சோதனையை அவர் அழகாக விளக்கினார். கூழ் போன்ற ஓர் ஊடகத்தைத் தட்டில் ஊற்றி உறைய வைக்கிறார்கள். நடுவில், விஷமுறிவு மருந்தில் நனைத்த காகிதப் பட்டை. அதற்குக் குறுக்கே கிருமியை ஒரு கோடாக இழுத்துவிடுகிறார்கள். கிருமி விஷம் கக்கினால், விஷமும் மருந்தும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய வெள்ளைக் கீற்று விழும். காந்தேவின் கிருமிக்குக் கீற்று விழவில்லை.

"முன்னாடி வந்த குழந்தைங்களுக்கு?" என்றார் அஜுமி.

மழைக்காலம் முடியும்வரை வந்ததெல்லாம் கீற்றுப் போட்டது என்றார் இனுவா. ஹர்மாட்டன் என்னும் பனிக்காலப் புழுதிக்காற்று ஆரம்பித்த பிறகு வந்த ஒன்றுகூடப் போடவில்லை. அல்லாவின் கருணை, கிருமி மெல்ல மெல்லச் சாதுவாகிறது என்று அவர் நினைத்திருந்தார்.

"பக்கத்துல எப்பவும் ஒரு கேடியையும் வெச்சுப் பாப்பீங்களே? விஷம் கக்கும்னு நிச்சயமாத் தெரிஞ்ச கிருமி?"

"அதுவும் கிழடாயிடுச்சு ஹாஜியா. கரண்டு போய்ப் போய் வருது, ஃபிரிட்ஜ்ல கிடந்து வீரியம் போச்சு. அதுவும் கீற்றுப் போடல. புதுசு கேட்டிருக்கேன்."

அதற்குள் கம்போ வெற்றி வீரனாகத் திரும்பி வந்தான். கையில் எலிமருந்துப் பொட்டலம். அசாபேயின் கட்டிலுக்கு அடியில் கிடைத்ததாம். தேலுவின் கட்டிலுக்கு அடியில் பார்த்தாயா என்று அஜுமி கேட்டார். அங்கேயும் ஒன்று இருந்தது என்று அவன் கொஞ்சம் தயங்கி ஒப்புக்கொண்டான். நம் அலுவலகத்தில் இரண்டு இருக்கிறது என்றார் அவர். ஏமாற்றத்தில் தொண்டை வறண்டு, அவன் இனுவா நீட்டிய கிளாஸை வாங்கி ஒரே மடக்காகக் குடித்தான். குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"இது தேத்தண்ணியா, மாலம், இல்ல மக்தபுப் பள்ளிக்கூடத்துல எழுதற மையா? எங்க ஆபீஸ்ல இதே தேயிலைப் பொட்டலம்தான், தேன் மாதிரி இருக்கும்."

இனுவா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். இங்கே எல்லோருக்கும் இப்படித் திடமாக இருந்தால்தான் பிடிக்கும். புது ஆழ்குழாய் வந்ததிலிருந்து தேநீருக்குத் தனி நிறம் வந்துவிட்டது.

அஜுமி தன் கிளாஸைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். குடிக்கவில்லை. அந்தக் குழாய் யார் போட்டது என்று மெதுவாகக் கேட்டார்.

ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் தன் தாயாரின் நினைவாகத் தர்மமாகப் போட்டுக் கொடுத்தது. மழைக்காலம் முடிந்த கையோடு வந்தது; அன்று ஆட்டுக்கிடா வெட்டித் துவா ஓதினார்கள். அப்படிக் கண்ணாடி போன்ற தண்ணீர் இந்த வட்டாரத்திலேயே இல்லை. அதே வாரம் ஜெனரேட்டருக்கு டீசல் கிடைக்காமல், நீரை ஆவியாக்கி வடிக்கும் கருவி நின்றுபோனதும், இனுவா யோசித்துப் பார்த்தார். சந்தையில் விற்கும் பிளாஸ்டிக் பைத் தண்ணீரை நம்ப முடியாது. கிணறு அசுத்தம். அல்லாவின் பெயரால் ஓதித் திறந்த குழாயைவிடச் சுத்தமானது எது? அதிலேயே ஊடகம் காய்ச்ச ஆரம்பித்தார்.

"ஒண்ணு மட்டும் கவனமா இருக்கணும் ஹாஜியா. பிடிச்ச உடனே மூடிக் காய்ச்சிடணும். திறந்து வெச்சா கொஞ்ச நேரத்துல பழுத்துடும்."

"பழுத்துடுமா?"

"மஞ்சளாகும். ஹர்மாட்டன் புழுதி விழுதில்ல."

அஜுமி கிளாஸை மேசையில் வைத்தார். கம்போவின் பக்கம் திரும்பினார். லாரி நிறுத்தத்தில் பேட்டரி சார்ஜ் செய்கிறவனிடம் போய், பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும் வாங்கி வா என்றார். எதற்கு என்று கேட்க வாயைத் திறந்தவனிடம், "ஓடு" என்றார். ஹாஜியா அந்த வார்த்தையைச் சொல்லி அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. ஓடினான்.

லுஹர் என்னும் நண்பகல் தொழுகை முடிந்த நேரம். வார்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அஜுமி எல்லோரையும் கூட்டினார். டாக்டர் பொறுமையிழந்து நின்றார். தேலு ஒரு காலை வார்டு படியில் வைத்திருந்தாள். அசாபே தூரத்தில் நின்றாள். அவள் பக்கத்தில், தேலு கூப்பிட்டு வந்த போலீஸ்காரர். இனுவா கைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

அடுப்பில் இரண்டு பாத்திரம் கொதித்தது. ஒன்றில் புதுக் குழாய்த் தண்ணீர், ஒன்றில் பேட்டரித் தண்ணீர். ஒரே பொட்டலத்திலிருந்து ஒரே அளவு தேயிலையை இரண்டிலும் போட்டு, இரண்டு கிளாஸில் வடித்தார் அஜுமி.

ஒரு கிளாஸ் தேன் நிறம். மற்றது கறுத்து, மேலே எண்ணெய்போல் ஆடை மின்னியது.

"தேத்தண்ணி போட்டுக் காட்டவா கூப்பிட்ட?" என்றார் டாக்டர். "உள்ள ஒரு குழந்தை..."

"அதுக்குத்தான் கூப்பிட்டேன். மாட்டைத் தண்ணி காட்டக் கூட்டிட்டுப் போற ஃபுலானி, தண்ணியைப் பாக்க வேண்டாமா? உங்க மாடா இருந்தா இந்நேரம் மோந்து பாத்துத் திரும்பியிருக்கும்."

போலீஸ்காரர் சிரித்துவிட்டார். பெரிய டாக்டரை நாலு பேர் முன்னால் இப்படிப் பேச வேறு யாருக்கும் துணிவு வராது. வந்தாலும் அவர் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். கேலி முறைக்காரி சொன்னதால் கேட்டார். அதை நம்பித்தான் அஜுமியும் பேசினார்.

"இரும்பு கலந்த தண்ணியிலதான் தேயிலை இப்படிக் கறுக்கும். அதே இரும்புதான் மாலம் கோட்டைப் பழுப்பாக்குச்சு. குழாயில வரும்போது கரைஞ்சு தெளிவா இருக்கும். காத்து பட்டதும் துருவா மஞ்சளாகும். அவர் புழுதின்னு நினைச்சது துரு. தண்ணி சுத்தம்தான், குடிச்சா யாரும் சாகப் போறதில்ல. ஆனா இந்தக் கிருமிக்கு இரும்புன்னா உயிரு."

கம்போவால் பொறுக்க முடியவில்லை. இரும்பு தின்றால் கிருமிக்குப் பலம்தானே கூடும், விஷம் ஏன் குறையும் என்று கேட்டான்.

"நல்ல கேள்வி" என்றார் அஜுமி. அவன் நெஞ்சு இரண்டு அங்குலம் உயர்ந்தது. "அதுக்குள்ள ஒரு காவல்காரன் இருக்கான்னு வெச்சுக்க. விஷம் செய்யிற அறைக்கு அவன்தான் காவல். கையில இரும்பு இருக்கிறவரைக்கும் கதவை அடைச்சு உக்காந்திருப்பான். இரும்பு தீந்துபோச்சுன்னா கதவை விட்டு எழுந்துடுவான். அப்பதான் விஷம் வெளிய வரும். மனுஷ உடம்பு சும்மா இல்ல. தன்னோட இரும்பையெல்லாம் கிருமி கைக்கு எட்டாம ஒளிச்சு வெச்சுக்குது. காந்தே தொண்டையில அந்தக் கிருமிக்குப் பட்டினி. பட்டினியில விஷம் கக்குது. அதையே எடுத்து மாலம் தட்டுல விட்டா, அங்க தினம் கல்யாண விருந்து. காவல்காரன் அசையவே இல்ல. நாம அதைப் பாத்து, பையன் நல்லவன்னு சர்டிபிகேட் குடுத்துட்டோம்."

டாக்டர் முகம் மாறிக்கொண்டே வந்தது. இருந்தாலும் அவர் கடைசி நூலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். "இது நடந்திருக்கலாம்னு சொல்ற. இந்தக் குழந்தைக்கு இதுதான் நடந்ததுன்னு எப்படிச் சொல்ற? நிஜமாவே சாதுக் கிருமியும் உண்டு."

"உண்டு. ஆனா மாலம் பக்கத்துல வெச்ச கேடி சாது இல்லையே. அது விஷம் கக்கும்னு எல்லாருக்கும் தெரியும். அதுவும் அதே தட்டுல கீற்றுப் போடல. கிழடாயிடுச்சுன்னு நினைச்சார். குழாய் வந்த நாளா ஒரே ஒரு கிருமிகூடக் கீற்றுப் போடல. ஊர்ல இருக்கிற திருடன் எல்லாம் ஒரே நாள்ல திருந்திட்டான்னு சொன்னா, கம்போ, நீ என்ன பண்ணுவ?"

"ஸ்டேஷன்ல பூட்டு சரியா இருக்கான்னு பாப்பேன்" என்றான் கம்போ.

டாக்டர் அதற்குமேல் நிற்கவில்லை. சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, நர்ஸைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடியே படியேறி ஓடினார். விஷம் இதயத்துக்குள் இறங்கிவிட்டால் மருந்து வீண் என்பது அவருக்குத் தெரியும். குதிரை இரத்தத்திலிருந்து எடுத்த மருந்து அது. முதலில் ஒரு சொட்டு கொடுத்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்தார்கள். ஒத்துக்கொண்டது. புட்டியைத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள்.

தேலு வார்டுக்குள் இருந்தாள், அசாபே வேப்பமரத்தடியில். இருவருக்கும் நடுவே ஒரு ஜன்னல். போலீஸ்காரர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, கம்போவிடம் விடைபெற்றுக்கொண்டு போனார். இனுவா பேட்டரித் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு சோதனைச்சாலைக்கு நடந்தார்.

இரண்டு நாள் கழித்து அவர் ஓடி வந்தார். செருப்பைக்கூடப் போடவில்லை. கையில் புதுத் தட்டு. கிழடாகிவிட்டது என்று ஒதுக்கிய கேடியின் பக்கத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கீற்று. காந்தேவின் கிருமிக்குப் பக்கத்தில் இன்னொன்று. டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு தலைநகருக்குப் போன் போட்டு, குழாய் வந்த பிறகு சாது என்று வீட்டுக்கு அனுப்பிய அத்தனை குழந்தைகளுக்கும் மருந்து வேண்டும் என்று கத்தினார். அஜுமியின் பக்கம் திரும்பி, இந்த அடிமைக்கு விடுதலை கொடுக்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். நல்ல விலை வந்தால் தானே எஜமானை விற்றுவிடுவதாக அஜுமி சொன்னார்.

காந்தேவின் கழுத்து வற்றியிருந்தது. சாம்பல் தோல் ஓரங்களில் சுருண்டு உரிய ஆரம்பித்திருந்தது. அன்று காலை அவள் முதல் தடவையாக வாயைத் திறந்து ஏதோ கேட்டாள். குரல் காற்றாகத்தான் வந்தது. தேலு குனிந்து கேட்டாள். நிமிர்ந்து, யாரையும் பார்க்காமல், நர்ஸிடம் வெளியே இருப்பவளை வரச் சொல்லுமாறு சொன்னாள்.

அசாபே குடுவையோடு வந்தாள். இரண்டு நாளும் விடிகாலையில் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்து, மாலையில் ஆறிப்போனதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். கட்டில் பக்கத்தில் நின்று மூடியைத் திறந்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. குடுவையைத் தன் வாய்க்கே கொண்டுபோனாள், முதலில் தான் குடித்துக் காட்ட.

தேலுவின் கை அதை நடுவழியில் பிடித்தது.

"புள்ளைக்குக் கொண்டாந்ததை நீயே குடிச்சா அவ எதைக் குடிப்பா?" என்றாள். "பேராசை புடிச்சவளே, குடு இப்படி."

குடுவையை வாங்கி, ருசி பார்க்காமல், மகளின் உதட்டில் வைத்தாள். கம்போ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, இந்தப் பாழாய்ப்போன புழுதி கண்ணுக்குள் விழுகிறது என்று யாரிடமோ சொன்னான். காந்தே ஒரு வாய் விழுங்கினாள். பிறகு இன்னொரு வாய்.